வாசலுக்கு எதிர்ச்சுவர்

மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும். என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். போனில் பேசலாம்தான். நீங்கள் "அத்தை" என்கிறீர்கள், நான் "மாப்பிள்ளை" என்கிறேன், அதோடு சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று மாற்றி மாற்றி விசாரித்துக்கொள்கிறோம். அதற்குள் கப்பலில் சிக்னல் போய்விடுகிறது. காகிதம் என்றால் நடுவில் அழுதாலும் துடைத்துவிட்டு மேலே எழுதலாம்.

உங்கள் கடிதத்தைக் கப்பல் கம்பெனி ஆள் கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் இருக்கிற ஜப்பான் படங்களையெல்லாம் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறீர்கள். வீடு முழுக்க வெள்ளை அடித்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால்தான் லீவுக்கு இந்த வீட்டுக்குள் கால் வைக்கமுடியும், இல்லையென்றால் துறைமுகத்துப் பக்கமே ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிட்டு அடுத்த கப்பல் ஏறிவிடுவேன், வீட்டை விற்றுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. இரண்டு மூன்று தடவை படித்தேன். எனக்குக் கோபம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பெண் மாட்டிவைத்தது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

செய்துவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரி ஒரு பெயிண்டரைச் சொல்லியிருக்கிறாள். ஆள் நல்ல நெட்டை, ஏணி இல்லாமலே பாதிச் சுவர் அடித்துவிடுவார் என்கிறாள்.

நான் வேலைக்குத் திரும்பப் போகிறேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இஸ்திரி மேசையில் என் பழைய இடமே கிடைத்தது. சூப்பர்வைசர் அம்மா பார்த்ததும், "வந்துட்டியா, நீ இல்லாம காலர் எல்லாம் காது மாதிரி மடங்கிக் கிடக்கு" என்றாள். அனுதாபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாப்பிள்ளை, ஒன்று சொல்லவேண்டும். இந்தப் படங்கள் எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. உங்களுக்குத் தெரியும். ஹாலில் மழை, உள்ரூமில் பனி, சமையலறையில் தண்ணீருக்குள் மீன், குளியலறைக் கதவில் ஒரு பெரிய அலை. "ஏண்டி, வீட்டுக்குள்ள காயிற இடமே வைக்க மாட்டியா, சிரிச்ச முகமா ஒரு படம் கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பூனைப் படத்தைக் காட்டி, "அது சிரிக்குதே பாரும்மா" என்றாள். அது முதுகையல்லவா காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றேன். "முதுகே சிரிக்குதும்மா" என்றாள். நீங்கள் அன்றைக்குத்தான் அந்தப் பூனைக்கு 'ஓசிக் குடித்தனம்' என்று பெயர் வைத்தீர்கள்.

அந்தப் பூனைப் படத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுத்து ஓடும் அல்லவா? அவர்கள் வலது பக்கத்தில் தொடங்கி இடது பக்கமாகப் படிப்பார்களாம். அப்படி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "அப்ப எல்லாம் தப்புத் தப்பாப் படிக்கிறாங்கன்னு சொல்லு" என்றேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு கீழ்ப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வந்து, "இதெல்லாம் அசலா, நகலா?" என்று கொஞ்சம் இளக்காரமாகவே கேட்டாள். உங்கள் பெண்டாட்டி விடுவாளா? "அசலே மரத்துல செதுக்கி அச்சடிச்சதுதாங்க, நிறைய அடிச்சு ஆளாளுக்கு வாங்கிட்டுப் போனாங்க. எல்லாரும் வெச்சுக்கத்தான் இது" என்று சொல்லி வாயடைத்துவிட்டாள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இப்போது நினைத்துக்கொள்கிறேன். எதை எதையோ எத்தனை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

சரி, கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அவள் போன பிறகு ஒரு பார்சல் வந்தது. நீளமான அட்டைக் குழாய். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே போனில் பார்த்து ஆர்டர் போட்டிருப்பாள் போல. நீங்கள் கப்பல் ஏறிய வாரம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிரிக்கவில்லை. திருப்பி அனுப்புவதா, உங்களுக்காக வைப்பதா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

வீடு உங்களுடையது மாப்பிள்ளை. நான் அவள் படுத்தபோது துணைக்கு வந்தவள். அவள் போன பிறகும் இங்கேயே இருக்கிறேன். போ என்று நீங்கள் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. என் தங்கை தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். நீங்கள் வருகிறவரைக்குமாவது வீட்டைக் கூட்டித் துடைக்க ஒரு ஆள் வேண்டாமா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

குளிர்காற்றில் நிற்காதீர்கள். காதை மூடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்.

✻

மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது.

உங்கள் பதில் வந்தது. குழாயைப் பற்றி "உங்க இஷ்டம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மனுஷன் சோர்ந்துபோயிருக்கிறான், அதற்கு மேல் எழுதத் தெம்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ரூம் சூட்டில் நின்றுவிட்டு உடனே மேல்தளத்துக்குப் போகாதீர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது நான் சொல்கிறேன்.

படங்களைக் கழற்றிவிட்டேன். எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மீனை அலையோடு வைத்தேன். பூனையை மேலே வைத்தேன், கண்ணாடி உடையக்கூடாதே.

பெயிண்டர் வந்தார். நெட்டைதான், கதவில் குனிந்துதான் நுழைகிறார். சுவரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மற்ற இடமெல்லாம் வெளுத்து, படம் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. "என்னம்மா இது, படத்தை எடுத்தாலும் சுவர் விடமாட்டேங்குதே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். பிறகு வந்து, எந்த வெள்ளை வேண்டும், பால் வெள்ளையா, முட்டை வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா என்று ஒரு அட்டையை நீட்டினார். "எங்க சலவைக்கூடத்துல ஒரே வெள்ளைதாம்ப்பா, கறை போன வெள்ளை" என்றேன். "அந்த டப்பா இன்னும் வரலைங்களே" என்றார். அவள் போனதிலிருந்து அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு குற்றம் செய்தது போல ஆகிவிட்டது.

உள்ரூம் முடிந்தது. சமையலறை முடிந்தது. ஹாலைத் தொடங்குகிறதற்கு முந்தின நாள்தான் அந்தக் குழாயைப் பிரித்தேன். என் இஷ்டம் என்று சொன்னீர்களே, அதனால்.

உள்ளே மூன்று தாள். சுருண்டு சுருண்டு கிடந்தது. பாயைப் போல விரித்தால் உடனே திரும்பச் சுருட்டிக்கொள்கிறது. புத்தகத்தை ஏற்றி வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். இஸ்திரிப் பெட்டியைப் பட்டுத்துணிச் சூட்டில் வைத்து, ஆவியை நிறுத்திவிட்டு, தாளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மெல்லிய துணி விரித்து, கை அழுத்தாமல் முதுகுப் பக்கம் ஓட்டினேன். கேட்டால் அவள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பளபளப்பு ஏறவில்லை. தாள் குழந்தை மாதிரி படுத்துக்கொண்டது.

ஒவ்வொரு தாளின் முதுகிலும் நம்பர் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நம்பர் எனக்குப் படிக்கத் தெரியுமே. ஹாலில் துணி உலர்த்துகிற கொடியைக் கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.

மூன்றும் சேர்ந்து ஒரே படம். மழை. பாலம். முதல் தாளில் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு போகிறான். முதுகில் மூட்டை. அவனுக்குப் பின்னால் படகு கட்டியிருக்கிறது. நடுத்தாளில் ஆற்றுத் தண்ணீரும் வெறும் பாலமும். மூன்றாவது தாளில் வீடு. வீட்டு வாசலில் ஒரு பெண் கையில் விளக்கோடு நிற்கிறாள்.

அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது மாப்பிள்ளை. அந்த ஆள் படத்தின் இடது ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கிறான். இன்னும் ஒரு அடி வைத்தால் தாளைவிட்டே வெளியே போய்விடுவான். இவள் வலது ஓரத்தைப் பார்த்து விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் முதுகு. படுக்கையில் கிடந்துகொண்டு, போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, இதையா தேடி வாங்கினாய் என்று அவளைத் திட்டினேன். சத்தமாகவே திட்டினேன். ஒரு பூ கிடைக்கவில்லையா, ஒரு பறவை கிடைக்கவில்லையா, உன் புருஷன் பார்த்தால் என்ன ஆவான் என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டி, "யாரோட சண்டை போடுறீங்க?" என்றாள். டிவி என்று சொல்லி அனுப்பினேன்.

சுருட்டி உள்ளே வைத்துவிடலாம் என்று கழற்றி இஸ்திரி மேசைமேல் போட்டேன். மூன்றாவதை முதலில் கழற்றினேன், அது இடது பக்கம் விழுந்தது. அடுத்தது அதன் பக்கத்தில். கடைசியாக அந்த ஆள் இருக்கிற தாள். போட்டுவிட்டுப் பார்க்கிறேன், பாலத்தின் கைப்பிடி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொடியில் இருந்தபோது ஒன்று மேலே, ஒன்று கீழே என்று முறிந்து கிடந்தது. அழுத கண்ணுக்கு அது தெரியவில்லை. கோடு போட்ட சட்டையில் பொத்தானை மாற்றி அடுத்த காஜாவில் போட்டால் எப்படி இருக்கும்? சலவைக்கூடத்து மேசையில் எத்தனை சட்டை அப்படி வந்திருக்கிறது எனக்கு. அவிழ்த்துச் சரியாகப் போட்டதும் கோடு ஓடிவந்து கோட்டோடு சேர்ந்துகொள்ளும். அந்த மாதிரி.

வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அவள் சொல்லித்தானே இருந்தாள், நான்தான் கேலி செய்தேன்.

இப்போது அந்தப் பெண் இடது பக்கம் நின்று பாலத்தைப் பார்க்கிறாள். அந்த ஆள் வலது பக்கம். போகவில்லை மாப்பிள்ளை, வருகிறான். படகிலிருந்து இறங்கி, மூட்டையோடு வருகிறான். நடுவில் வெறும் பாலம்தான் பாக்கி.

மறுநாள் காலையில் பெயிண்டர் வந்து ஹாலில் கைவைத்தார். வாசலுக்கு எதிர்ச்சுவரை அவள் எப்போதும் காலியாகவே வைத்திருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? இங்கே ஒன்றும் மாட்டலையா என்று கேட்டால், "இதுக்கு இன்னும் வரலை" என்பாள். பெயிண்டர் உப்புத்தாளால் தேய்க்கப் போனவர் நின்று, "அம்மா, இங்க யாரோ குறி வெச்சிருக்காங்க" என்றார். பென்சிலில் மூன்று சின்னப் பெருக்கல் குறி. ஒரே மட்டத்தில், சமமான இடைவெளியில். என் தலைக்கு ரொம்ப மேலே இருந்தது, எனக்குக் கண்ணில் படவில்லை. அவளுக்குமே அது உயரம்தான், நாற்காலி போட்டு ஏறித்தான் போட்டிருப்பாள். "எனக்குச் சரியா கண்ணுக்கு நேரா இருக்கு" என்றார் அந்த நெட்டை மனுஷன். நீங்களும் அவர் உயரம்தானே.

அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்கவேண்டும். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான்.

பாலத்தை மேசையில் அப்படியே வைத்து, மேலே சுத்தமான துணி போட்டு மூடியிருக்கிறேன். உங்களிடமிருந்து பதில் வந்த பிறகு என்ன செய்வதென்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்.

✻

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது.

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் படித்தேன். எதிர்ச்சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாலத்தைப் பற்றியும் இல்லை. லீவுக்கு எப்போது இறங்குகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. மனது கல்லாகிவிட்டது. தாளை மடிக்கப்போனேன். அப்போதுதான் கடைசி ஓரத்தில் பொடியாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். "பூனையையுமா எடுத்துட்டீங்க அத்தை?"

மாப்பிள்ளை, பூனையை மறுபடி மாட்டிவிட்டேன். கடிதத்தைக் கீழே வைத்த கையோடு கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டேன். புது வெள்ளைச் சுவரில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை, ஓசிக் குடித்தனம் பழைய ஆணியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கை அணைக்கும்போது நீங்கள் அதற்கு "வர்றேன்டா" என்று சொல்லுவீர்களே, இப்போது நான் சொல்கிறேன். பதிலுக்கு முதுகைத்தான் காட்டுகிறது. அவள் சொன்னது சரிதான், சிரிக்கத்தான் செய்கிறது.

துடைக்கும்போது ஒன்று பார்த்தேன். கண்ணாடியில் ஒரு முடி. துணியால் தேய்த்தேன், போகவில்லை. ஈரத் துணி போட்டேன், போகவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது. அவள் தன் கையால் சட்டம் போடும்போது விழுந்திருக்கும். நீளமான முடி, பூனையின் வாலைத் தாண்டிக் கீழே வரைக்கும் வருகிறது. சட்டத்தை நான் பிரிக்கவில்லை. ஆணியில் மாட்டிவிட்டு அதன் எதிரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்காமல் போயிருந்தால் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கும்.

மற்ற படங்களைத் தொடவில்லை. போர்வைக்குள்ளேயே இருக்கின்றன. உங்களுக்கு எப்போது எதைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறதோ அப்போது அதை எடுக்கலாம். ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி. அவை எங்கே போகப்போகின்றன?

பாலத்துக்குச் சட்டம் போட்டுவிட்டேன். சட்டம் போடுகிற கடைக்காரர் மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் ஒட்டித் தருகிறேன் என்றார். அதுவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் பாட்டுக்கு அடுக்க ஆரம்பித்துவிட்டார். "ஐயா சாமி, வீட்டுக்கு வர்ற மனுஷனைத் திருப்பி அனுப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று தனிச் சட்டமாகத்தான் வாங்கிவந்தேன், கறுப்பு, அவள் வாங்குகிற மாதிரியே மெல்லியது.

ஆணி அடிக்கவில்லை. பெயிண்டர், தானே அடித்து மாட்டிவிட்டுப் போகிறேன் என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றுவிட்டேன். நாற்காலி போட்டு ஏறினால் நானே அடித்துவிடுவேன். ஆனாலும் அடிக்கவில்லை. அந்தக் குறி என் உயரத்துக்குப் போட்டதில்லை.

மூன்றையும் அந்தச் சுவரடியில் சாய்த்து வைத்து, துணியால் மூடியிருக்கிறேன். பக்கத்தில் மிச்சப் பெயிண்ட் டப்பாவை மூடி இறுக்கி வைத்திருக்கிறேன். அந்த நெட்டை ஆள் அரை நாள் வேலைதான் என்று சொல்லியிருக்கிறார். வந்து பாருங்கள். மனது தாங்கவில்லை என்றால் அதையும் வெள்ளையாக்கிவிடலாம், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

என் தங்கை மறுபடி ஆள் அனுப்பினாள். ஒரு பையில் துணி எடுத்துவைத்தேன், பிறகு எடுத்து அலமாரியிலேயே அடுக்கிவிட்டேன். மாப்பிள்ளை வரட்டும், அவர் சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொல்கிறபடி.

உங்கள் தலையணை உறையை மாற்றிவிட்டேன். சட்டைகளையெல்லாம் எடுத்து மறுபடி தேய்த்துவைத்தேன். மடித்தே இருந்தால் மடிப்பு விழுந்த இடம் நிறம் மாறிவிடும். அந்த நீலக் கோடு போட்டதில் ஒரு பொத்தான் போயிருந்தது, தைத்துவிட்டேன்.

துறைமுகத்துப் பக்கம் ரூம் எல்லாம் ஈரமாக இருக்கும், படுக்கை யார் யாரோ படுத்தது. இருமல் வந்தால் உங்களுக்கு லேசில் விடாது.

கப்பலிலிருந்து இறங்கினதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே வாருங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை. உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் போட்டுத் திறக்காதீர்கள் மாப்பிள்ளை. கதவைத் தட்டுங்கள். வெளிவிளக்கைப் போட்டுவைக்கிறேன். வந்து திறக்க உள்ளே ஒரு ஆள் இருக்கிறேன்.

கடல் அமைதியாக இருந்து, உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை.